பானகம் விழுந்த மண்

தேவசேனா வேலை செய்கிற இடத்தை அவள் வீட்டுக்காரர் வேதாச்சலம் "உடைக்கிற காலேஜ்" என்றுதான் சொல்வார். அவர் நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவர். நெய்த துணியை வேண்டுமென்றே கிழித்துப் பார்க்கிற ஆளை அவர் பார்த்ததில்லை. திருப்பதியில் இருக்கிற அந்த இன்ஜினியரிங் காலேஜிலோ நடப்பது வேறு. தேவசேனா மண்ணைச் சலித்து, சிமெண்டும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து, மிஷினில் போட்டு அழுத்திக் கல்லாக்குவாள். பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்வது போல ஈரச் சாக்கு போர்த்தி ஒரு மாதம் காப்பாற்றுவாள். அப்புறம் அந்தக் கல்லைக் கொண்டுபோய் இன்னொரு மிஷினில் வைத்து நொறுக்கிவிடுவார்கள்.

"இதுக்கு இன்னாத்துக்குமே இவ்ளோ பாடு? மொதல்லயே மண்ணாவே வுட்டுட்டா ஆவாதா?" என்று கேட்பார் வேதாச்சலம்.

"எவ்ளோ பாரம் தாங்குதுன்னு தெரிய வாணாவா? தெரியாம வூடு கட்டினா தலைமேல வுழும்."

"என்னையே இத்தினி வருசமா தாங்கிகினு கீறே. உன்னை அந்த மிஷினுல வச்சாதான் முள்ளு மேல ஏறும்."

தேவசேனா சிரித்துக்கொண்டே சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, நகரிக்குப் பக்கத்து ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவாள்.

அவள் பிறந்தது சத்தியவேடு பக்கம், விவசாயக் குடும்பம். ஊரில் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் படிக்க ஏரிக்கரை தாண்டிப் போக வேண்டும், மழைக்காலத்தில் பெண்பிள்ளையை யார் அனுப்புவார்கள்? நாற்று நட்டாள், வேர்க்கடலை பிடுங்கினாள், கல்யாணம் ஆகி நகரிக்கு வந்தாள். தறி வேலை கைக்கு வரவில்லை. நூல் அறுந்து அறுந்து போயிற்று. கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனாள். அப்படி ஒரு தடவை காலேஜில் சுவர் எழுப்பப் போனபோது, மண் கட்டட ஆராய்ச்சி செய்கிற சம்பத் சார் இவள் கலவை போடுகிற நேர்த்தியைப் பார்த்து, "லேபுல இருக்கிறியாம்மா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அங்கேதான். மகள் வசந்தாவைச் சூளூர்பேட்டையில் கட்டிக் கொடுத்ததும் இந்த வேலையில் இருந்துகொண்டுதான்.

நல்லது செய்தவர்களை மறக்கக் கூடாது என்பது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. மறக்காமல் இருப்பதற்கு அவள் வைத்திருந்த வழி ஒன்றுதான். யாராவது ஓர் உதவி செய்தால் அவர்கள் நட்சத்திரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வாள். அடுத்த சனிக்கிழமை நகரியில் தெருக்கோடியில் இருக்கிற ராமர் கோயிலில் அவர்கள் பேருக்கு ஓர் அர்ச்சனை. லேபில் கல் நொறுக்குகிற மிஷினை ஓட்டும் கிரண்குமார் ரோகிணி. ரயிலில் இடம் பிடித்து வைக்கிற பூக்கார அம்மா உத்திரம். சம்பத் சாரிடம் கேட்டபோது அவருக்கே தெரியவில்லை. அத்தனை பெரிய படிப்பு படித்த மனுஷர், வகுப்புக்குப் போகிற வழியில் நின்று அம்மாவுக்கு போன் போட்டு, "அம்மா, என் நட்சத்திரம் என்ன?" என்று கேட்டதைக் கிரண்குமார் இன்னும் நடித்துக் காட்டுவான்.

கீர்த்தி பூசம். அவளைச் சொல்லாமல் விட்டால் கதையே இல்லை.

கீர்த்தி சித்தூர்ப் பெண். சம்பத் சாரிடம் ஆராய்ச்சி செய்கிறாள். சித்தூருக்குப் பக்கத்து ஏரிகளில் தூர் வாரி மலைபோலக் குவித்துவிடுகிற மண்ணில் வீடு கட்டக் கல் செய்யலாமா என்பதுதான் அவள் கேள்வி. அவள் வீட்டில் டாக்டர் பட்டம் வரைக்கும் வந்த முதல் ஆள் அவள். இதுவரை பொறுத்துக்கொண்டிருந்த அவள் அப்பா, "இந்த வருஷத்தோட முடிச்சிக்கோம்மா, அப்புறம் என்னைக் கேக்காதே" என்று சொல்லிவிட்டார். முடிக்க வேண்டுமானால் டிசம்பரில் திருப்பதியிலேயே நடக்கப்போகிற மண் கட்டட மாநாட்டில் அவள் கட்டுரை ஏற வேண்டும். நாலு தேசத்து ஆட்கள் வருகிற மாநாடு. அதில் ஏறினால் பட்டத்துக்கு எழுதிப் போடலாம். ஏறவில்லை என்றால் படிப்பு அங்கேயே நின்றுவிடும்.

இது தேவசேனாவுக்கும் தெரியும். மதியச் சாப்பாட்டில் கீர்த்தி பாதிக்குமேல் தின்னாமல் டப்பாவை மூடும்போதெல்லாம், "பேப்பரு ஏறும் பாப்பா, நீ சோத்தைத் துன்னு" என்பாள்.

அந்த வருஷம் ஸ்ரீராமநவமி வந்தது. காலேஜுக்கு லீவு. ஆனால் கலவைக்குச் சலித்த மண் தயாராக இருந்தது, வெயில் ஏறினால் காய்ந்துவிடும். கீர்த்தி வரச் சொல்லியிருந்தாள். தேவசேனா விடியலில் எழுந்து குளித்து, வெல்லத்தைத் தட்டி, சுக்கும் ஏலக்காயும் போட்டுப் பானகம் கரைத்தாள். வீட்டு ராமர் படத்துக்குப் படைத்துவிட்டு, லேபில் எல்லாரும் குடிக்கட்டும் என்று பெரிய தூக்கு நிறைய எடுத்துக்கொண்டு ரயில் ஏறினாள்.

லீவு நாள் என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் பானகம் கரைக்கும்போது கை தன் பாட்டுக்கு எல்லாருக்கும் சேர்த்துக் கரைத்துவிட்டது. கீர்த்தி ஒரு டம்ளர் குடித்தாள். கிரண்குமார் இரண்டு குடித்து, "அக்கா, இன்னொண்ணு குடிச்சா சுகர் டெஸ்ட்டுக்குத்தான் போவணும்" என்றான். வாட்ச்மேன் ஒரு டம்ளர். தூக்கில் பாதிக்கு மேல் அப்படியே நின்றது.

பிரசாதத்தைக் கைகழுவுகிற தொட்டியில் ஊற்ற அவளுக்கு மனசு வரவில்லை. லேபுக்குப் பின்னால் ஒரு புங்கமரம் இருந்தது. அங்கே கொண்டுபோனாள். அதன் அடியில் பைக் நிறுத்துகிறார்கள், செருப்புக் காலோடு மிதிக்கிறார்கள். திரும்பி வந்தாள். கலவைத் தண்ணீர்த் தொட்டி அவள் முன்னால் இருந்தது. பக்கத்தில் சித்தூர் ஏரி மண் சிவப்பாகக் குவிந்திருந்தது. இந்த மண் நாளைக்கு யாரோ ஒருத்தர் குடியிருக்கப் போகிற வீடாகும், ராமர் பிரசாதம் அதில் சேர்ந்தால் அந்த வீட்டில் குறை வருமா என்று நினைத்துக்கொண்டாள். "ஸ்ரீராமா, இதுல குடியிருக்கிறவங்க நல்லா இருக்கணும்" என்று சொல்லித் தூக்கை அப்படியே தொட்டியில் கவிழ்த்தாள். கீர்த்தி அப்போது உள்ளே சிமெண்ட் நிறுத்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தண்ணீரை ஊற்றிப் பிசைந்து, ஓர் உருண்டை பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டாள். ஈரம் சரியா என்று பார்க்கிற வழி அது. சப்பென்று ஒட்டிக்கொண்டால் தண்ணீர் அதிகம், பொடிப்பொடியானால் குறைவு. உருண்டை நாலைந்து துண்டாக அழகாக உடைந்தது. "சரியா கீது பாப்பா!" என்று குரல் கொடுத்தாள். மிஷின் கைப்பிடியை அழுத்தி ஒவ்வொரு கல்லாக எடுத்து அடுக்கினார்கள்.

மறுநாள் சாக்கைத் தூக்கிப் பார்த்தபோது ஓரங்கள் விரலில் உதிர்ந்தன. "புது மூட்டை சிமெண்ட் அக்கா, இப்பல்லாம் எதுவும் சுத்தமா வர்றதில்ல" என்றான் கிரண்குமார். ஒரு மாதம் கழித்து நொறுக்கும்போது மற்ற நாள் கற்களெல்லாம் மிஷினோடு மல்லுக்கு நின்றன. அந்த ஒரு நாள் கற்கள் மட்டும் டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி போயின. கீர்த்திக்குக் காரணம் புரியவில்லை. ஆனாலும் சம்பத் சார் சொன்னபடி எதையும் விடாமல் அதையும் சேர்த்து எழுதிக் கட்டுரையை அனுப்பினாள்.

கட்டுரை அனுப்பினால் அப்புறம் என்ன நடக்கும் என்று தேவசேனா கேட்டாள்.

"ரிவ்யூக்குப் போகும்க்கா. இதே படிப்பு படிச்ச ரெண்டு பேர் படிச்சுப் பார்த்து, ஏத்துக்கலாமா வேணாமான்னு சொல்லுவாங்க."

"யாரு அவங்க? சாருக்குத் தெரிஞ்சவங்களா?"

"யாருன்னு யாருக்கும் தெரியாது. நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியாது, அவங்க யாருன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சா தாட்சண்யம் வந்துடும் இல்ல? அதனால பேரை எடுத்துட்டுத்தான் குடுப்பாங்க."

"கூலி குடுப்பாங்களா?"

"ஒண்ணும் கிடையாது. சும்மாதான் பாக்கறாங்க."

தேவசேனா சல்லடையைத் தட்டிக் கீழே வைத்தாள். "உண்டியல்ல போடற மாதிரி. போட்டது யாருன்னு நமக்குத் தெரியாது, பெருமாளுக்குத் தெரியும்" என்றாள். கீர்த்தி, "கிட்டத்தட்ட அப்படித்தான்க்கா" என்று சிரித்தாள்.

மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் ஒரு நாள் கீர்த்தி லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு லேபுக்குள் வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. பதில் வந்துவிட்டது. முதல் ஆள் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டார். இரண்டாவது ஆள் எல்லாவற்றையும் வரிவரியாகப் படித்திருக்கிறார். ஒரே ஒரு நாள் செய்த கற்கள் மட்டும் ஏன் இவ்வளவு மோசம் என்று கேட்டிருக்கிறார். காரணம் சொல்லாமல் அதை எடுத்துவிடவும் கூடாது, காரணம் தெரியாமல் இந்த மண்ணை நம்பி வீடு கட்டலாம் என்று முடிவு சொல்லவும் கூடாது, மாசக் கடைசிக்குள் விளக்கம் வராவிட்டால் கட்டுரையை ஏற்க முடியாது என்று எழுதியிருக்கிறார்.

"மறுபடி கல்லு போட்டுப் பாத்தா?" என்றான் கிரண்குமார்.

"கல்லு இறுகவே ஒரு மாசம் வேணும். மாசக் கடைசிக்குள்ள எப்படி?"

சிமெண்ட் மூட்டையை விசாரித்தார்கள். அதே மூட்டையில் மறுநாள் செய்த கல் நன்றாகத்தான் இருந்தது. மண்ணும் அதே குவியல். தராசும் சரி. போர்வெல் தண்ணீரும் அதே தண்ணீர். கீர்த்தி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஏப்ரல்ல அந்த நாள்... அன்னிக்கு நீங்க ஏதாவது வேற மாதிரி செஞ்சீங்களா?"

"தேதி சொன்னா எனக்கு இன்னா தெரியும் பாப்பா? அன்னிக்கு இன்னா விசேஷம் சொல்லு."

கீர்த்தி போனில் பார்த்தாள். "ஸ்ரீராமநவமி."

தேவசேனாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, அந்தக் கல்லா! அது எப்பிடி மோசமாவும்? நல்லாப் பாரு. அதுல நான் ராமர் பானகத்தையே ஊத்திக்கினு இல்ல பிசைஞ்சேன்!"

 கிரண்குமார் வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

"எவ்வளவு ஊத்துனீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள் கீர்த்தி.

"தூக்குல பாதிக்கு மேல இருந்துச்சு. அம்புட்டும்தான். கீழ ஊத்தக் கூடாதே." அப்புறம்தான் அவர்கள் முகத்தைப் பார்த்தாள். "ஏன் பாப்பா?"

கீர்த்தி சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து சம்பத் சாரைக் கூப்பிடப் போனாள். அந்தச் சிரிப்பு எதில் சேர்த்தி என்று தேவசேனாவுக்குத் தெரியவில்லை.

சம்பத் சார் வந்து கேட்டார். கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தேவசேனா, சிமெண்ட் இறுகிக் கல்லாகணும்னா அதுக்கும் தண்ணிக்கும் ஒரு சேர்க்கை நடக்கணும். சக்கரை, வெல்லம் எது போனாலும் அத நடக்க விடாது. கொஞ்சம் போனாலே போதும். நீ நிறையவே ஊத்தியிருக்கே."

"பிரசாதம் சார்" என்றாள் அவள். 

"தெரியும்மா. ஆனா இதுதான் காரணம்னு நாம நினைச்சா மட்டும் போதாது, காட்டணும்." அவர் இரண்டு கிண்ணம் எடுத்துவரச் சொன்னார். ஒன்றில் சிமெண்டை வெறும் தண்ணீரில் குழைத்தார்கள். இன்னொன்றில் தேவசேனா அன்றைக்குக் கரைத்த அதே பதத்தில் வெல்லத் தண்ணீர் கரைத்துக் கொடுக்க, அதில் குழைத்தார்கள். இரண்டையும் ஜன்னல் மேடையில் பக்கம் பக்கமாக வைத்தார்கள்.

 அன்று மாலை ரயிலில் பூக்கார அம்மா கொடுத்த மல்லிகையை அவள் தலையில் வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள். மூன்று வருஷமாக ஒரு பெண்பிள்ளை சோறு தண்ணி இல்லாமல் செய்த வேலை. அதைத் தன் கை கெடுத்துவிட்டதே. கெடுத்தது பிரசாதமா, தன் கையா என்று மனசு போட்டுக் குழப்பியது. பிரசாதம் கெடுக்குமா என்று நினைத்து, நினைத்ததற்காகவே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் வேதாச்சலம் எல்லாவற்றையும் கேட்டார். முதலில் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"இப்ப இன்னா ஆச்சுன்னு அழுவுறே? எங்க தறியில பாவுல ஒரு இழை அறுந்துச்சுன்னு வையி. ஓட்டறவனுக்குத் தெரியாது. சேலை நெடுக்க ஒரு கோடு வுழும். கடைக்காரன் பிரிச்சிப் பாத்து, இதோ பாருடா கோடுன்னு காட்டுவான். காட்டினவன் மேல கோவப்படுவியா? எந்த இழைன்னு பாத்து முடிச்சிப் போட்டா அடுத்த சேலை சரியா வரும். அந்த ரெண்டாவது ஆளு கோட்டைக் காட்டிட்டாரு, நீ எந்த இழைன்னு காட்டிட்டே. அவ்ளோதான்."

"அந்தப் பொண்ணு பேப்பரு?"

"எந்த ராமருக்குப் படைச்சியோ அவர்கிட்ட கேளு. என்னைக் கேட்டா? எனக்குப் பானகம்கூட நீ மிச்சம் வைக்கல."

அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

மூன்றாம் நாள் கிண்ணங்களைப் பார்த்தார்கள். வெறும் தண்ணீர்க் கிண்ணம் தட்டினால் டங்கென்றது. வெல்லத் தண்ணீர்க் கிண்ணத்தில் கிரண்குமார் விரலை வைத்து அழுத்தினான். ரேகை பதிந்தது. "சரி, கேஸ் முடிஞ்சுது" என்றான். கீர்த்தி இரண்டையும் போட்டோ எடுத்தாள்.

பதில் எழுத உட்கார்ந்தாள். எழுதியதைச் சம்பத் சாருக்குப் படித்துக் காட்டும்போது தேவசேனாவுக்காகத் தமிழிலும் சொன்னாள். "அன்று கலவைத் தண்ணீரில் தவறுதலாக அசுத்தம் கலந்துவிட்டது..."

தேவசேனா கையில் இருந்த சல்லடையைக் கீழே வைத்தாள். "பாப்பா, தப்பு என்னுது. என் பேரைப் போட்டே எழுதிடு, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா அது அசுத்தம் இல்ல. அத மட்டும் அப்பிடி எழுதாதே."

கீர்த்தி சாரைப் பார்த்தாள். "சார், பொதுவா அப்படித்தானே எழுதுவாங்க?"

சம்பத் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ சொல்றது சரிதான். அசுத்தம்னா எதுன்னு படிக்கிறவனுக்குத் தெரியாது, ஆயிலா சாக்கடையான்னு நினைப்பான். என்ன கலந்ததோ அத எழுது. பண்டிகைக்குக் கரைச்ச பானகம். வெல்லம் இவ்வளவு, சுக்கு, ஏலக்காய். ஏன் கலந்தாங்கன்னும் எழுது."

"ஏன்னுகூடவா சார்?"

"மிஞ்சின பிரசாதத்தைக் கீழ ஊத்தமாட்டாங்க, நம்ம ஊர் வழக்கம்னு எழுது. அப்பதான் மத்தவங்க அவங்கவங்க ஊர்லயும் ஜாக்கிரதையா இருப்பாங்க."

தேவசேனா எத்தனை கை வெல்லம், எவ்வளவு தண்ணீர் என்று நினைவுபடுத்திச் சொன்னாள். கீர்த்தி எழுதிக்கொண்டாள். கிண்ணங்களின் போட்டோவையும் சேர்த்து மாசக் கடைசிக்கு முன்பே அனுப்பிவிட்டார்கள்.

அனுப்பிவிட்டுக் காத்திருந்த நாட்களில் தேவசேனா கல் செய்துகொண்டேதான் இருந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பலகையில் ஒரு மூடி செய்து போட்டாள். கிரண்குமார் டீ குடித்துவிட்டு டம்ளரோடு அந்தப் பக்கம் போனால், "தம்பி, அங்கியே நில்லு!" என்று கத்துவாள். "அக்கா, நான் சும்மா போய்க்கினு கீறேன், என்னை ஏன் திருடன் மாதிரி பாக்கறே?" என்பான் அவன், அவளைப் போலவே பேசி. மற்ற நேரமெல்லாம் அவள் வாயில் ராம நாமம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம் கீர்த்தி ஓடி வந்தாள். நடந்து வரவில்லை. லேபில் யாரும் ஓடக் கூடாது என்று போர்டு மாட்டியிருக்கிறது, அதன் அடியிலேயே ஓடி வந்தாள். வந்த வேகத்தில், கையெல்லாம் மண்ணாக நின்ற தேவசேனாவைக் கட்டிக்கொண்டாள்.

"ஏத்துக்கிட்டாங்கக்கா! பேப்பர் ஏறிடுச்சு!"

"ஸ்ரீராமா!" தேவசேனாவும் அவளை இறுக்கிக்கொண்டாள். கீர்த்தியின் நல்ல சுடிதார் முழுக்கச் செம்மண் கை அச்சு.

"இருங்க, அந்த ரெண்டாவது ஆள் எழுதியிருக்கிறதைக் கேளுங்க." கீர்த்தி லேப்டாப்பைத் திறந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். நடந்ததை நடந்தபடி எழுதியதற்கு நன்றி என்று அந்த ஆள் எழுதியிருந்தார். அந்த ஒரு நாள் கற்களைக் காரணத்தோடு தனியே பிரித்துக் காட்டுவது சரி, இனி இந்த மண்ணைப் பற்றிய முடிவில் தமக்குச் சந்தேகம் இல்லை. இனிப்பு கலந்த தண்ணீர் பற்றிய எச்சரிக்கையைத் தனிப் பத்தியாகவே போடுங்கள், வேலை நடக்கிற இடங்களில் டீ டம்ளர் கழுவின தண்ணீரைக்கூடக் கலவையில் ஊற்றிவிடுகிறார்கள் என்றும் எழுதியிருந்தார்.

"கடைசியா ஒண்ணு எழுதியிருக்காங்க." கீர்த்தி நிமிர்ந்து தேவசேனாவைப் பார்த்தாள். "நன்றி சொல்ற எடத்துல பேராசிரியருக்குச் சொல்லியிருக்கு, மிஷின் குடுத்தவங்களுக்குச் சொல்லியிருக்கு. இத்தனை கல்லையும் கையால செஞ்சவருக்கு இல்லையே, அவர் பேரையும் சேர்க்கணும்னு எழுதியிருக்காங்கக்கா."

 தேவசேனா மண் குவியல் மேலேயே உட்கார்ந்தாள்.

"எனக்கே தோணலக்கா. அந்த ஆள் சொல்லித்தான் தோணுது. மன்னிச்சுக்கோங்க" என்றாள் கீர்த்தி.

"அய்ய, நீ ஒண்ணு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்து, "பாப்பா, அவங்க நட்சத்திரம் மட்டும் கேட்டுச் சொல்லேன்" என்றாள்.

"அக்கா, பேரே தெரியாதுன்னு சொன்னேன் இல்ல?"

"கான்பரன்ஸு முடிஞ்சாவது சொல்லுவாங்களா?"

"எப்பவுமே சொல்லமாட்டாங்க."

டிசம்பரில் மாநாடு நடந்தது. சம்பத் சார் தேவசேனாவையும் வேதாச்சலத்தையும் வரச் சொல்லியிருந்தார். வேதாச்சலம் தான் ஓட்டிய தறியில் வந்த சேலையையே அவளைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். ஹாலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். கீர்த்தி மேடை ஏறி இங்கிலீஷில் பேசினாள். ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கல்லின் படம் வரும்போதெல்லாம் தேவசேனாவுக்கு அது எந்தக் கலவை என்று தெரிந்தது. கடைசிப் படத்தில் ஒரு கை மண் உருண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. மோதிர விரலில் பழைய தீக்காயத் தழும்பு. அதன் கீழே எழுதியிருந்ததை, அவளுக்காகவே தமிழிலும் போட்டிருந்ததை, எழுத்துக் கூட்டிப் படித்தாள். "நன்றி: தேவசேனா."

"உன் கை சினிமா ஸ்கிரீன்ல வந்துடுச்சுமே. இனிமே வூட்ல பாத்திரம் யாரு தேய்க்கிறது?" என்றார் வேதாச்சலம்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு எல்லார் முகத்தையும் பார்த்தாள். அந்த ஆள் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம் என்று தோன்றிவிட்டது. நரைத்த தாடிக்காரர் ஒருவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். இவரோ? வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் சாம்பார் உறைக்கிறது என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார். இவர்களோ? தேவசேனா ஓடிப்போய்த் தயிர் வாங்கிக்கொண்டு வந்து அந்த அம்மாள் தட்டில் வைத்தாள். பிறகு தாடிக்காரருக்கும். அப்புறம் அந்த வரிசையில் நின்ற எல்லாருக்கும். யாராக இருந்தாலும் ஒருவருக்குப் போய்ச் சேரட்டும்.

"இங்கியும் வேலைக்காரியா மாறிட்டியா?" என்றார் வேதாச்சலம்.

"சும்மா இருங்க, உங்களுக்குத் தெரியாது."

அடுத்த சனிக்கிழமை காலை தேங்காய், பூ, கற்பூரத்தோடு ராமர் கோயிலுக்குப் போனாள். வேதாச்சலமும் கூட வந்து, கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் என்று உட்கார்ந்துகொண்டார். உள்ளே அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டார். அவளைப் பல வருஷமாகத் தெரிந்தவர்.

"இன்னிக்கு யாருக்கும்மா?"

"மொதல்ல கீர்த்தி, பூச நட்சத்திரம். பட்டம் நல்லபடியா வரணும். அப்புறம் சம்பத் சார், அவிட்டம்."

"சரி. இன்னொரு தேங்காய் இருக்கே, அது?"

"அது ஒருத்தருக்கு, சாமி. பேரு தெரியாது."

"நட்சத்திரம்?"

"தெரியாது."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"அதுவும் தெரியாது சாமி."

அர்ச்சகர் தட்டைத் தாழ்த்திக்கொண்டு அவளைப் பார்த்தார். "எந்த ஊராவது தெரியுமா?"

"உள்ளூரா வெளிதேசமா, ஒண்ணும் தெரியாது. சும்மா, கூலி இல்லாம, ஒரு பொண்ணு எழுதினதை வரி வுடாம படிச்சி, தப்பு இருக்கிற எடத்தைக் காட்டினாங்க. அதுலதான் அவ பொழைச்சா. கல்லு செஞ்சவ பேரும் போடுன்னு சொன்னாங்க. அந்தக் கல்லு செஞ்சவ நான்தான் சாமி."

அர்ச்சகர் அந்தத் தேங்காயையும் எடுத்துக்கொண்டார். "சரிம்மா. பெருமாள் பேருக்கே பண்ணிடறேன். யாருக்குப் போய்ச் சேரணும்னு அவருக்குத் தெரியும்."

அவளே ஒரு நாள் உண்டியலைப் பற்றிச் சொன்ன வார்த்தை அது. கை கூப்பி நின்றாள். மணி அடித்தது. மந்திரத்தில் பேர் சொல்கிற இடம் வந்தபோது அர்ச்சகர் பெருமாள் பேரைச் சொன்னார். தேவசேனா கண்ணை மூடிக்கொண்டு, முகம் தெரியாத அந்த ஒருவருக்கு உடம்பு நன்றாக இருக்க வேண்டும், படிக்கிற கண் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

வெளியே வந்து தேங்காய் மூடிகளைத் துண்டு போட்டுப் பொட்டலம் கட்டினாள். கீர்த்திக்கு ஒன்று, சாருக்கு ஒன்று, கிரண்குமாருக்கு ஒன்று. தனியாக இருந்த துண்டை எடுக்க வேதாச்சலம் கை நீட்டினார்.

"அது வாணாம். அது அவங்களுது."

"அவங்க எங்க வந்து வாங்கப் போறாங்க?"

அவள் அதையும் பொட்டலத்தில் மடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகாமல் நேரே ஸ்டேஷனுக்கு வந்து ரயில் ஏறினாள். பூக்கார அம்மா இடம் பிடித்து வைத்திருந்தார். எதிர் சீட்டில் புத்தூரில் ஏறின ஒருவர், மடியில் ஏதோ காகிதக் கட்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். நகரிக்காரரா, நெல்லூர்க்காரரா, என்ன படிக்கிறார், எதுவும் அவளுக்குத் தெரியாது. பொட்டலத்தைப் பிரித்து அந்தத் துண்டை நீட்டினாள்.

"பிரசாதம். எடுத்துக்கோங்க."

அவர் ஆச்சரியப்பட்டு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டார். தேவசேனா அவர் பேரைக் கேட்கவில்லை.